பழைய வண்டியும் புகைச் சோதனையில் தேறும்!
மலையில் ஓடும் ஜீப் முதல் வயலுக்குப் போகும் மொபெட் வரை… சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

கச்சிராயபாளையத்தில் இருந்து கோமுகி அணைப் பக்கமாக ஏறி, கரியாலூர், வெள்ளிமலை என்று போகும் கல்வராயன் மலைச் சாலையில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரிந்துவிடும். மலை வாழ்க்கையைத் தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் பழைய வண்டிகள்தான். மரவள்ளிக் கிழங்கு மூட்டை கீழே இறங்குவதும், உர மூட்டை மேலே ஏறுவதும், பிரசவ வலி எடுத்தவரை ராத்திரியில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போவதும் பத்து, பதினைந்து வயது கடந்த ஜீப்பும் லோடு வண்டியும்தான். கீழே சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் வந்தால், கரும்புத் தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் ஓடுகிற பழைய மொபெட்டுக்குக் கணக்கே இல்லை.

இந்த வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தலைவலி, புகைச் சான்று. ‘வண்டி நல்லாத்தான் ஓடுது, புகை மட்டும் கொஞ்சம் வருது. பாஸ் ஆகுமா?’ என்று நம் வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலான பழைய வண்டிகள் தேறும். அதற்கு எல்லா நேரமும் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

சான்று ஏன் முக்கியம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 115-வது விதி புகையைப் பற்றியது. முதல் பதிவு நடந்து ஓராண்டு முடிந்த பிறகு, ஒவ்வொரு வண்டியும் செல்லுபடியாகும் புகைச் சான்று வைத்திருக்க வேண்டும். பி.எஸ்.-3 வரையிலான வண்டிகளுக்குச் சான்றின் ஆயுள் ஆறு மாதம். பி.எஸ்.-4 முதல் வந்தவற்றுக்கு ஓராண்டு. நாடு முழுக்க பி.எஸ்.-4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல். பி.எஸ்.-6 வந்தது 2020 ஏப்ரல் 1-ல். 2017-க்கு முன் நம் பக்கத்தில் வாங்கிய மொபெட், பைக் என்றால் பெரும்பாலும் ஆறு மாதக் கணக்குதான்.

சான்று இல்லாமல் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் முடக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் எஃப்.சி. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். புகை தேறாவிட்டால் எஃப்.சி. நிற்கும். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் முறையாகப் பதிவான வண்டியாகவே கருதாது. அந்த நிலையில் மலைப்பாதையில் ஒரு விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் திருப்பி வசூலிக்க வழக்குப் போடலாம். ஒரு காகிதம் தவறியதற்காகக் காணி நிலத்தை விற்கும் நிலை வரக் கூடாது.

சோதனையில் என்ன அளக்கிறார்கள்?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் சோதனை வேறு வேறு.

பெட்ரோல் வண்டியை ஐடிலிங்கில் விட்டு, சைலன்சருக்குள் குழாயை நுழைத்து இரண்டு வாயுக்களை அளப்பார்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் அதிகமாகி காற்று குறையும்போது இது கூடும். இன்னொன்று ஹைட்ரோகார்பன். எரியாமல் தப்பி வெளியே வரும் பெட்ரோலும் ஆயிலும்தான் இது.

பழைய வண்டிகளுக்கான வரம்புகள் இவை:

• 2000 மார்ச் 31 வரை தயாரான இரண்டு, மூன்று சக்கர வண்டிகள்: கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம்.

• அதற்குப் பிறகு வந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகள்: 3.5 சதவீதம், 6,000 பி.பி.எம்.

• அதற்குப் பிறகு வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் (பி.எஸ்.-4-க்கு முந்தையவை): 3.5 சதவீதம், 4,500 பி.பி.எம்.

• பி.எஸ்.-2-க்கு முந்தைய பெட்ரோல் கார், ஜீப், வேன்: 3 சதவீதம், 1,500 பி.பி.எம்.

• பி.எஸ்.-2, பி.எஸ்.-3 பெட்ரோல் நான்கு சக்கர வண்டிகள்: 0.5 சதவீதம், 750 பி.பி.எம்.

பாருங்கள், பழைய வண்டிக்குப் பழைய வரம்புதான். புது வண்டி தேறும் அளவுக்கு உங்கள் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதனால், சோதனை மையத்தில் வண்டி தயாரான மாதம், ஆண்டு, எந்த பி.எஸ். வகை என்பது சரியாகப் பதிவாகிறதா என்று ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக் கவனியுங்கள். வகை மாறிப் பதிவானால், நல்ல வண்டியும் தோற்கும்.

டீசல் வண்டியில் அளப்பது புகையின் அடர்த்தி. கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் முழுக்க மிதித்து விடுவார்கள். எஞ்சின் உச்ச வேகத்துக்கு ஏறும் அந்த நொடியில் வரும் புகையைக் கருவி பிடிக்கும். இதைச் சில முறை செய்து சராசரி எடுப்பார்கள். பி.எஸ்.-4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹெச்.எஸ்.யு. (சான்றில் ‘கே’ மதிப்பு 2.45 என்று இருக்கும்). பி.எஸ்.-4 வண்டிக்கு 50 ஹெச்.எஸ்.யு. (கே மதிப்பு 1.62).

இந்தச் சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும். ஆயில் வெப்பம் குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது முறை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுசாக எரியாது. காலையில் ஸ்டார்ட் செய்து நாலு தெரு தாண்டி மையத்துக்குப் போய் நின்றால், தேற வேண்டிய வண்டியும் தோற்றுவிடும்.

மலை வண்டிக்கு மட்டும் வரும் மூன்று சிக்கல்கள்

கல்வராயன் மலை சுமார் 2,000 அடியில் இருந்து 4,000 அடி வரை உயரம் உள்ளது. 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. மனிதருக்கு இது பெரிதாகத் தெரியாது. எஞ்சினுக்குத் தெரியும்.

முதல் சிக்கல், டீசல் பம்ப். மேலே காற்று குறைவதால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. ‘பம்பைக் கொஞ்சம் ஏத்திவிடுப்பா’ என்று சொல்லி, டீசல் அளவுத் திருகைக் கூட்டிவிடுவார்கள். காற்றோ குறைவு, டீசலோ அதிகம். எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். இழுவை கொஞ்சம் கூடினாலும் டீசல் செலவு அதைவிட அதிகமாகக் கூடும். புகைச் சோதனையில் தோற்கும் மலை வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் திருகைத்தான். பம்ப்பை டீசல் பம்ப் கடையில் கொடுத்து, பெஞ்சில் வைத்து, நிறுவனம் சொன்ன அளவுக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். காதால் கேட்டுச் சரிசெய்வது இங்கே உதவாது.

இரண்டாவது, கார்புரேட்டர். மலையில் வைத்து ட்யூனிங் செய்த பைக்கைக் கீழே கொண்டுவந்தால், காற்று கூடிவிடும், பெட்ரோல் விகிதம் குறையும். அளவுக்கு மீறிக் குறைந்தால் தீப்பொறி அவ்வப்போது தவறி, எரியாத பெட்ரோல் வெளியேறும். ஹைட்ரோகார்பன் ஏறும். சோதனை கீழேதான் நடக்கப்போகிறது என்றால், ட்யூனிங்கையும் கீழே உள்ள பட்டறையில், சோதனைக்குப் போகும் அன்றே செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது, இறக்கம். வெள்ளிமலையில் இருந்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கியரிலேயே பிடித்து இறங்கி வருகிறோம். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால், அந்த நேரம் முழுக்க எஞ்சின் சூடு குறைகிறது. பெட்ரோல் எஞ்சினில் வால்வு வழியாக ஆயில் உறிஞ்சப்பட்டு உள்ளே சேர்கிறது. கீழே வந்து முதல் முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அத்தனையும் புகையாக வரும். அதனால், மலை இறங்கிய கையோடு மையத்துக்குள் நுழையாதீர்கள். சமதளச் சாலையில் 10, 15 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, எஞ்சினைச் சூடாக்கி, சைலன்சரைச் சுத்தமாக்கிக்கொண்டு போங்கள்.

புகையின் நிறமே நோயைச் சொல்லும்

கரும்புகை: காற்று போதவில்லை அல்லது எரிபொருள் அதிகம். ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் பழுது, பம்ப் அளவு கூடியது, டர்போ வண்டியாக இருந்தால் அதன் குழாயில் கசிவு ஆகியவை காரணங்கள்.

நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்மானம், வால்வு சீல் பழுது, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியது காரணமாக இருக்கலாம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலை அதிகம் கலந்தாலும் நீலமாக வரும்.

வெண்புகை: காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் அது ஈரம்தான், பயம் வேண்டாம். சூடான பிறகும் தொடர்ந்தால், டீசல் டைமிங் தவறியிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

செலவு குறைந்ததில் இருந்து தொடங்குங்கள்

1. ஏர் ஃபில்டர். நம் மண் சாலைத் தூசியில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கால அளவு போதாது. காகித ஃபில்டர் என்றால் மாற்றிவிடுங்கள். அடித்துத் தட்டி மறுபடி போடுவதில் பயன் இல்லை. பழைய ஜீப், டிராக்டரில் இருக்கும் ஆயில் பாத் ஃபில்டரில் அடியில் சேறு படிந்திருக்கும். பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, குறியிட்ட அளவு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். அளவு கூடினால் அந்த ஆயிலே எஞ்சினுக்குள் போய்ப் புகையும்.

2. எஞ்சின் ஆயில். கெட்டுப்போன ஆயிலில் டீசலும் பெட்ரோலும் கலந்து ஆவியாகும். அந்த ஆவி எஞ்சினுக்குள்ளேயே திரும்பிப் போய்ப் புகையைக் கூட்டும். சோதனைக்கு முன் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினால் பலன் தெரியும். குச்சியில் மேல் குறியைத் தாண்டக் கூடாது.

3. ஸ்பார்க் பிளக். பெட்ரோல் வண்டியில் பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். காப்பிப் பொடி நிறம் இருந்தால் சரி. தேய்ந்த பிளக்கைச் சுரண்டிப் போடுவதைவிடப் புதிது போடுவது லாபம்.

4. சோக். பழைய பைக்குகளில் சோக் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும். ஓட்டுபவருக்குத் தெரியாது, கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். திரும்பிப் போகிறதா என்று கையால் பாருங்கள்.

5. கார்புரேட்டர். பிரித்து, ஜெட் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஐடிலிங் ஸ்க்ரூவைச் சரியாக வைக்க வேண்டும். ஜெட் துளையில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் புது ஜெட்தான் போட வேண்டும்.

6. டூ ஸ்ட்ரோக் சைலன்சர். பல வருட ஆயில் கரி உள்ளே அடைத்திருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஆயில் கலக்கும்போது பாட்டில் மூடி அளவு பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஊத்துனா எஞ்சினுக்கு நல்லது’ என்று கூட்டி ஊற்றுவதால் புகைதான் கூடும். சாதா எஞ்சின் ஆயில் கூடாது, டூ ஸ்ட்ரோக்குக்கு என்றே விற்கும் 2டி ஆயில்தான் வேண்டும்.

7. டாப்பெட், டைமிங், நாசில். டீசல் வண்டிக்கு டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்து, நாசிலைச் சோதனைக் கருவியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாசில் டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும். சொட்டினால் கரும்புகை நிச்சயம்.

8. ரிங், போர் வேலை. இது கடைசி. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் அளவு எடுக்கச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். வேலைக்கு ஆகும் செலவையும், வண்டியைச் சந்தையில் விற்றால் வரும் விலையையும், அது வருடத்துக்கு எத்தனை நாள் ஓடுகிறது என்பதையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

முதல் ஐந்தையும் முடித்துவிட்டு ஒருமுறை சோதனைக்குப் போய்ப் பாருங்கள். பல வண்டிகள் அங்கேயே தேறிவிடும்.

தோற்றுவிட்டால் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

2021 ஜூனில் நாடு முழுக்க ஒரே மாதிரியான புகைச் சான்று வடிவத்தை மத்திய அரசு அறிவித்தது. கியூ.ஆர். குறியீடு, வண்டி உரிமையாளரின் கைப்பேசி எண், ‘வாகன்’ தரவுத்தளத்தோடு இணைப்பு எல்லாம் அப்போது வந்தவை. அதே அறிவிப்பில் நமக்குப் பயன்படும் இன்னொன்றும் வந்தது. வண்டி தோற்றால், அளவுகளைக் குறிப்பிட்டு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும்.

‘பாஸ் ஆகல, போங்க’ என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். அந்தச் சீட்டுதான் மெக்கானிக்குக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு. கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம் என்றால் கார்புரேட்டர், சோக், ஏர் ஃபில்டர். ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் பிளக், தீப்பொறி, ஆயில். இப்படி வேலை குறுகிவிடும். மையத்தின் கருவி மேல் சந்தேகம் இருந்தால், அதே சீட்டோடு வேறு மையத்தில் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு.

‘வண்டியே வேண்டாம், போட்டோ அனுப்புங்க, சான்று தர்றோம்’ என்பவர்களிடம் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2024 மே முதல், சோதனை மையங்கள் கைப்பேசிச் செயலி மூலம் வண்டியின் படத்தையும் காணொளியையும் இருப்பிடப் பதிவோடு ஏற்ற வேண்டும் என்ற முறை வந்துவிட்டது. அப்படி வாங்கிய சான்று விபத்து வழக்கில் அம்பலமானால், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கரும்புகை விடும் வண்டிக்குச் சான்று கிடைத்துவிட்டாலும், வீணாகும் டீசலுக்கு யாரும் பணம் திருப்பித் தரப்போவதில்லை. அந்தப் புகையைப் பின்னால் உட்கார்ந்து வரும் நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

15 ஆண்டு முடிந்த சொந்த வண்டி

சொந்த உபயோக பைக், ஜீப், காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பிறகு படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். காலாவதி ஆவதற்கு 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவுப் புதுப்பித்தலுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாய், இலகுரக வண்டிக்கு 5,000 ரூபாய் என்று உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு இதை 2,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று ஆக்கியது. தாமதித்தால் மாதத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய், மற்ற வண்டிகளுக்கு 500 ரூபாய் கூடுதல் என்பதும் விதியில் உண்டு. ஆகவே, ஆர்.சி.யில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டுவதற்கு முன் ‘பரிவாகன்’ இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, அங்கே காட்டும் தொகையை மட்டும் கட்டுங்கள்.

வாசகர் கேள்விகள்

“டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான், பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம்தான், அப்புறம் பிடுங்கிடுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?” - வாசகர், சங்கராபுரம்

அது டெல்லி, அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர் பகுதிக்காக வந்த உத்தரவு. 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பகுதியின் காற்று மாசை வைத்துப் போட்டவை. தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. எஃப்.சி. தேறி, பதிவைப் புதுப்பித்தால் ஓட்டலாம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்தால் பதிவு ரத்து என்ற விதி, அரசுத் துறை வண்டிகளுக்கானது. இதைச் சொல்லிப் பயமுறுத்தி யாராவது உங்கள் வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் ஏமாறாதீர்கள்.

“புகைச் சான்று இல்லைன்னா இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க முடியாதா?” - வாசகர், சின்னசேலம்

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை போட்டது. அதனால் பலர் காப்பீடே எடுக்காமல் ஓட்டத் தொடங்கினார்கள், விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போனது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. ஆகவே, சான்று முடிந்துவிட்டது என்பதற்காகக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காப்பீடு, அடுத்த நாளே புகைச் சான்று.

“அப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பைக் அவர் பேர்லயே இருக்கு. ஓ.டி.பி. அவரோட பழைய நம்பருக்குப் போகுது. என்ன செய்ய?” - வாசகி, கல்வராயன் மலை

எண்ணை மட்டும் மாற்றி ஓட்டுவது நிரந்தர வழி இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் விண்ணப்பியுங்கள், தாமதக் கட்டணம் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., காப்பீடு, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். பெயர் மாறும்போதே உங்கள் கைப்பேசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்தவர் பெயரில் வண்டியும் காப்பீடும் இருந்தால், விபத்து நேரத்தில் சிக்கல் குடும்பத்துக்குத்தான்.

“எங்க டிராக்டர் கரும்புகையா தள்ளுது. ரோட்டுல போனா பிடிப்பாங்களா?” - வாசகர், தியாகதுருகம்

டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் புகை அளவை 115ஏ என்ற தனி விதி கட்டுப்படுத்துகிறது. தயாரிக்கும்போது மட்டும் இல்லை, பராமரித்து ஓட்டும்போதும் அதற்கு உட்பட்டதுதான். டிராக்டருக்கும் 15 ஆண்டுக்குப் பின் பதிவுப் புதுப்பித்தல் உண்டு. சட்டத்தை விடுங்கள், உழவு நேரத்தில் கரும்புகை வந்தால் டீசல் வீணாகிறது என்று பொருள். ஆயில் பாத் ஃபில்டர், நாசில், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். சுமைக்கு மீறிய கலப்பையைக் கட்டினாலும், தவறான கியரில் ஆழ உழுதாலும் நல்ல எஞ்சினும் கரும்புகை விடும். கியரைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

“மழைக்காலம் முழுக்க ஷெட்டுல நின்ன மொபெட். எடுத்ததும் நேரா சோதனைக்குப் போகலாமா?” - வாசகர், திருக்கோவிலூர்

வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல மாதம் நின்ற டேங்கில் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பழைய ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தால் மாற்றுங்கள். இரண்டு, மூன்று நாள் ஓட்டிவிட்டுச் சோதனைக்குப் போங்கள்.

“சோதனைக்கு முன்னாடி மண்ணெண்ணெய், தின்னர் கலந்தா புகை குறையும்ங்கறாங்களே?” - வாசகர், உளுந்தூர்பேட்டை

கலக்காதீர்கள். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு இல்லை, பம்ப்பும் நாசிலும் தேயும். பெட்ரோல் வண்டியில் கலந்தால் சரியாக எரியாமல் புகை கூடத்தான் செய்யும். தின்னர் ரப்பர் வாஷர்களை அரிக்கும். ஒரு நாள் சான்றுக்காகப் பம்ப்பைப் பலி கொடுக்க வேண்டாம்.

சோதனை நாளன்று…

• ஆர்.சி., பழைய புகைச் சான்று, ஓ.டி.பி. வரும் கைப்பேசி மூன்றும் கையில் இருக்கட்டும். எண் மாறியிருந்தால், முந்தைய நாளே பரிவாகன் தளத்தில் சேஸிஸ் எண், எஞ்சின் எண் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

• டேங்கில் நம்பிக்கையான பங்க்கில் போட்ட எரிபொருள் இருக்கட்டும்.

• சைலன்சரில் ஓட்டை, இணைப்பில் கசிவு இருந்தால் முதலில் வெல்டிங் வைத்து அடையுங்கள். காற்று கலந்தால் அளவு சரியாக வராது.

• டீசல் வண்டி என்றால், ஆயில், தண்ணீர், பெல்ட் மூன்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். எஞ்சினை உச்ச வேகத்துக்குப் பலமுறை ஏற்றப்போகிறார்கள்.

• எஞ்சின் சூடாக இருக்கும்போதே சோதிக்கச் சொல்லுங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்று ஆறிவிட்டால், இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

• சான்று கிடைத்ததும் வண்டி எண், தேதி சரியா என்று அங்கேயே பாருங்கள். பரிவாகன் தளத்திலும் ஏறியிருக்க வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டும் சான்றும் செல்லும்.

• அடுத்த சோதனைத் தேதியை வீட்டுக் காலண்டரில், மாட்டுக்குத் தடுப்பூசி போடும் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டிய தேதியை அதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதுங்கள்.